அரைக்காதின் பயம் போன வழி

சீவலக்கா எழுந்த வேகத்தில் முக்காலி பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் மோதியது. நுண்ணோக்கி அறைக்குக் கறுப்புத் திரை போட்டிருந்ததால், வெளியே காலை வெயில் சுள்ளென்று அடிப்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டாள். கணினியில் தெரிந்த படத்தை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அடேயப்பா!" என்றாள், ஆளில்லாத அறையில்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை சின்னது. எலியின் மூளையை உறையவைத்து, தலைமுடியில் பாதித் தடிமனுக்குச் சீவல் சீவலாக அறுப்பதில் அந்தக் கட்டடத்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. பதினாலு வருஷத்துக் கை. வந்துபோன மாணவர்களெல்லாம் சீவலக்கா, சீவலக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் பேராசிரியரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பெரிய பட்டமெல்லாம் அவள் வாங்கவில்லை. பட்டம் வாங்கியவர்கள் அறுத்ததைப் பார்த்தால், "இது எலி மூளையா, எலி கடிச்ச காகிதமா?" என்று கேட்காமல் விடமாட்டாள்.

நடந்துகொண்டிருந்த சோதனை இதுதான். மொத்தம் இருபத்துநாலு எலிகள். ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பெட்டியில் விட்டு, பாதத்தில் சுருக்கென்று ஒரே ஒரு மின்னதிர்ச்சி. அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு மாதம் கழித்துக்கூட, அந்தப் பெட்டியைக் கண்டாலே எலிகள் கல்லாய்ச் சமைந்து நின்றன.

பயம் தட்டும் அந்த நிமிஷத்தில் மூளையின் சில செல்களுக்குள் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது. யாராவது கதவைத் தட்டினால் முந்திக்கொண்டு ஓடிப்போய்த் திறக்கிற பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்குமே, அந்த மாதிரி மரபணு. அது எழுந்து, உள்ளே தூங்கிக் கிடக்கிற மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பும். அவை எழுந்தால்தான் பயம் நினைவாகப் பதியும். இந்த எலிகளில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பயந்த நாளில் அந்த மரபணு விழித்த செல்கள் மட்டும் ஆயுசுக்கும் சிவப்பாக ஒளிரும்.

அப்புறம் ஐந்து நாள், தினமும் அதே பெட்டி. ஆனால் அதிர்ச்சி கிடையாது, ஒன்றும் கிடையாது. பதினைந்து எலிகளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. மீதி ஒன்பதும் பிடித்த பிடியை விடவில்லை. கடைசி நாள் பெட்டிக்குள் இருந்தபோது எந்தெந்தச் செல்கள் விழித்தனவோ, அவற்றுக்குப் பச்சைச் சாயம் ஏற்றினார்கள். சிவப்புச் செல்லிலேயே பச்சையும் ஏறினால், படத்தில் அது மஞ்சளாகத் தெரியும்.

பேராசிரியர் பத்து வருஷமாக ஒன்றைத்தான் சொல்லிவந்தார். பயம் போகும்போது பயந்த செல்கள் மாறுவதில்லை. புதிய செல்கள் வந்து அவற்றின் வாயை அடைக்கின்றன. அப்படியானால், பயம் தெளிந்த எலியில் சிவப்பு தனியாக, பச்சை தனியாக இருக்க வேண்டும். மஞ்சள் வந்தால் பயந்தாங்கொள்ளிகளிடம்தான் வர வேண்டும். எண்ணுகிறவர் மனசு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்று, பேராசிரியர் கண்ணாடித் தகடுகளில் எலியின் அடையாளத்தை எடுத்துவிட்டு வெறும் எண்களை ஒட்டியிருந்தார். எந்த எண் எந்த எலி என்ற பட்டியல் உறையில் ஒட்டப்பட்டு அவருடைய அலமாரியில் இருந்தது.

சீவலக்காவின் எதிரே இருந்தது பதினேழாம் எண். எங்கே பார்த்தாலும் மஞ்சள். 'பயந்தாங்கொள்ளி போல' என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் சீவலின் ஓரத்தில் பிறைபோல ஒரு வெட்டு அவள் கண்ணில் பட்டது. அந்த வெட்டு அவள் கை போட்டது. இருபத்துநாலு மூளைகளில் ஒன்றே ஒன்றில்தான் கத்தி துள்ளியது. அது அரைக்காதுடையது.

அரைக்காதை அவள் மறக்க முடியாது. சண்டையில் ஒரு காதைப் பாதி இழந்த எலி. கடைசி நாள் பெட்டிக்குள் விட்டபோது, ஏதோ சொந்த வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. பிறகு அதை எடுத்துப்போய் மயக்கமூட்டி முடித்தவளும் அவள்தான். அந்த வேலை பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்கு லேசாக இருந்ததில்லை. அதனால்தான் ஒரு சீவல்கூட வீணாகக் கூடாது என்பாள்.

அந்த அரைக்காதின் மூளையில்தான் இவ்வளவு மஞ்சள். பயந்த அதே செல்கள், பயமில்லாத நாளில் மறுபடி விழித்திருக்கின்றன!

சீவலக்கா நடைபாதையில் ஓடினாள். நாற்பத்தொரு வயசில் அவள் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை.

பேராசிரியர் அறையில் ஆனாத்தம்பியும் இருந்தான். எதைச் சொன்னாலும் "ஆனா" என்று ஆரம்பிக்கிற இளம் ஆய்வாளன். அவன் பெயரே அதுவாகிவிட்டது. அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அவன் தொண்டையைக் கனைத்தான்.

"ஆனா அக்கா, சிவப்பு வெளிச்சம் பச்சைப் பக்கம் கசிஞ்சிருந்தா? அப்போ எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்."

"தம்பி, கசிஞ்சா எல்லா சீவல்லயும் கசியணும். பக்கத்துத் தகட்டுல மஞ்சளைத் தேடித்தான் பார்க்கணும்."

"ஆனா இப்போ அது எந்த எலின்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே நீங்க எண்ணினா எப்படிக்கா நம்புறது?"

அது சரிதான். சீவலக்காவுக்குச் சுருக்கென்றது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அறுபது வயசு. கோபம் மூக்கு நுனியில் என்றாலும் மனசு சுத்தம். "சீவலக்கா, இன்னும் பத்து நாள்ல நான் முன்னூறு பேர் முன்னாடி நின்னு பேசணும். புதுச் செல்தான் பழைய செல்லை அடக்குதுன்னு. பேச்செல்லாம் தயார். இப்போ வந்து என் அடிமடியிலயே கைவைக்கிறீங்க."

"நான் வைக்கல மேடம். அரைக்காது வச்சிருக்கு."

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி. முதல்ல கசிவு இருக்கான்னு பாருங்க. அப்புறம் இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒரு ஆள் எண்ணட்டும். இருபத்துநாலு எலி, எலிக்குப் பத்துப் படம். இந்த ஆய்வகத்து ஆள் ஒருத்தரும் வேணாம். எல்லாருக்கும் என் கதை மனப்பாடம்."

கசிவு இல்லையென்று அன்று மதியமே தெரிந்துவிட்டது. சிவப்பு மட்டும் உள்ள பழைய சீவல்களை, பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டி வழியாகப் பார்த்தாள். கும்மிருட்டு. ஒரு புள்ளி கிடையாது. ஆனாத்தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போனான்.

ஆனால் ஒன்றுமே தெரியாத ஆளுக்கு எங்கே போவது?

வீட்டுக்குப் போனால் நாத்தனார் வாசல் கதவுக்கு முன் நின்று, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். கணவனின் தங்கை, அவர்களோடுதான் இருக்கிறாள். பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை. யாராவது கிழிந்த திரைத்துணியில் ஒரு துண்டைக் கொண்டுவந்து, "சுவருக்கு இதே கலர் வேணும்" என்றால், இயந்திரம் சொல்வதைக் கேட்காமல் கண்ணாலேயே பார்த்து, அதில் ரெண்டு சொட்டுக் கறுப்பு, இதில் ஒரு சொட்டு நீலம் என்று விட்டு அச்சாகக் கொண்டுவந்துவிடுவாள்.

"அண்ணி, அண்ணன் பூசின கதவைப் பாருங்க. மேல ஒரு வெள்ளை, கீழ ஒரு வெள்ளை. கேட்டா ரெண்டும் ஒண்ணுங்கிறார். கண்ணா, புண்ணா?"

சீவலக்கா கதவைப் பார்த்தாள். அவளுக்கும் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குக் கடையில மூணு நாள் லீவு குடுப்பாங்களா?"

"எதுக்கு?"

"சொல்லக் கூடாது."

"என்ன அண்ணி, கொள்ளையடிக்கப் போறோமா?"

"அதைவிடப் பெரிசு."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று சீவலக்கா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை நாத்தனார் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் வியர்வை. ஐந்தாம் மாடி. லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு லிஃப்டில் முக்கால் மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்கு எந்த ஊரிலும் எந்தக் கட்டடத்திலும் படிக்கட்டுதான்.

ஆனாத்தம்பி அவளை இருட்டறையில் உட்காரவைத்து, விதிகளைச் சொன்னான். சிவப்பு எத்தனை, பச்சை எத்தனை, மஞ்சள் எத்தனை. இது என்ன, எதற்கு என்று கேட்கக் கூடாது. சீவலக்கா அறைப்பக்கமே வரக் கூடாது.

"சரி தம்பி. ஆனா இதென்ன, பட்டாணி உருட்டிவிட்ட மாதிரி இருக்கு?"

"ஆனா அதைத்தான் கேக்கக் கூடாதுன்னேன்!"

கதவு மூடியது. சீவலக்கா நடைபாதையில் கூண்டுக்குள் போட்ட புலிபோல மேலும் கீழும் நடந்தாள். சில்லறை வேலைகளைக்கூடச் செய்ய முடியவில்லை. கண்ணாடித் தகடு கழுவப் போய், கழுவியதையே மறுபடி கழுவினாள். கதவுக்குப் பின்னால் எண்ணும் பொத்தானின் டிக், டிக் சத்தம் மட்டும் கேட்டது. சில சமயம் வேகமாக, சில சமயம் ரொம்ப நேரம் சத்தமே இல்லாமல்.

மதியம் சாப்பிடும்போது இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சீவலக்கா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லாதே!"

"அதில்ல. அந்தத் தம்பி மூணு கலர்தான்னு சொல்லுச்சு. மூணா அது? பச்சைலயே நாலு இருக்கு. மஞ்சள்னு சொல்றதுல பாதி கிளிப்பச்சை, பாதி ஆரஞ்சு. சந்தேகமா இருக்கிறதைத் தனியா எழுதிவைக்கவான்னு கேட்டேன். அசந்துபோச்சு."

அந்தச் சந்தேகக் கணக்கை அவளே கண்டுபிடித்தாள். அது இல்லாவிட்டால் பின்னால் யாராவது வந்து மொத்தத்தையும் தட்டிக் கழித்திருப்பார்கள் என்று ஆனாத்தம்பியே பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நாத்தனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "முடிஞ்சுது. இனிமே ஒரு வாரத்துக்கு யாரும் என்கிட்ட மஞ்சள்ங்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது."

பேராசிரியர் அறையில் நாலு பேர். அலமாரியிலிருந்து உறை வந்தது. பேராசிரியர் அதைக் கிழித்துப் பட்டியலை வெளியே எடுத்தார். சீவலக்கா எழுதுபலகையில் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'தெளிந்தவை', இன்னொரு பக்கம் 'தெளியாதவை' என்று எழுதினாள்.

ஆனாத்தம்பி நாத்தனாரின் தாளைப் பார்த்து வாசித்தான். நூறு சிவப்புச் செல்லில் எத்தனை மஞ்சள் என்ற கணக்கு. "ஒண்ணாம் எண், நாற்பத்தாறு."

பேராசிரியர் பட்டியலைப் பார்த்தார். "தெளிஞ்சது."

"ரெண்டு. பதினொண்ணு."

"தெளியாதது."

"மூணு. ஐம்பத்திரண்டு."

"தெளிஞ்சது."

"நாலு, எட்டு."

பேராசிரியர் பட்டியலில் விரலை ஓட்டினார். "தெளியாதது."

பன்னிரண்டாம் எண்ணில் ஒரு தடுக்கல். நாற்பது மஞ்சள்; ஆனால் தெளியாத எலி. ஆனாத்தம்பி தலையைத் தூக்கினான். பேராசிரியர் "எழுதுங்க, எழுதுங்க" என்று கையாட்டினார். பதினேழு, அரைக்காது, ஐம்பத்தெட்டு. அதற்கப்புறம் வந்ததெல்லாம் வரிசை மாறாமல் வந்தது. இருபத்துநாலு முடிந்தபோது பலகையின் இடப்பக்கம் முப்பத்தொன்பதுக்குக் குறைந்து ஓர் எண் இல்லை. வலப்பக்கம் அந்த ஒரு நாற்பதைத் தவிர எதுவும் பதினாலைத் தாண்டவில்லை.

பேராசிரியர் மெதுவாகத் திரும்பினார்.

"ஆனாத்தம்பி. என்ன சொல்றீங்க?"

அவன் பலகையை மேலிருந்து கீழே பார்த்தான். கீழிருந்து மேலே பார்த்தான். சந்தேகக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தான், விட்டுப் பார்த்தான். "ஆனா..." என்றான். எல்லாரும் காத்திருந்தார்கள். "ஆனா... எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒண்ணும் தோணல மேடம்."

சீவலக்கா வாய்விட்டுக் கத்திவிட்டாள். என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷம்! பத்து வருஷமா ஊரெல்லாம் போய் தப்பா சொல்லிட்டு வந்திருக்கேன்!"

"எல்லாரும் சிரிக்கிறீங்க," என்றாள் நாத்தனார். "நான் எதை எண்ணினேன்னு இப்பவாவது யாராவது சொல்லுவீங்களா?"

சீவலக்கா ஆதியோடந்தமாகச் சொன்னாள். கதவைத் திறக்க ஓடுகிற பிள்ளை மரபணு, சிவப்பு, பச்சை, பெட்டி, அரைக்காது. நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ, பயந்துச்சே, அதே ஆளுதான் திரும்ப வந்து பயமில்லன்னு சொல்லுதா? வேற யாரும் வந்து அடக்கலையா?"

பேராசிரியர் மேசையில் ஓங்கித் தட்டினார். "பேச்சோட முதல் வரி இதுதான்! யாராவது எழுதிக்கோங்க."

நாத்தனார் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், நான் மூணு வருஷமா லிஃப்ட்ல ஏறல. என் தலைக்குள்ளயும் இந்த மஞ்சள் வருமா?"

பேராசிரியர் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதும்மா. இது எலி. மனுஷங்க கதை இன்னும் தூரம். ஒண்ணு மட்டும் சொல்றேன். திரும்பத் திரும்ப அந்தப் பெட்டிக்குள்ள போன எலிங்களுக்குத்தான் இது நடந்திருக்கு. பெட்டிப் பக்கமே போகாத எலிக்கு என்ன நடக்கும்னு நாங்க பார்க்கல."

நாத்தனார் யோசித்தாள். "அது சரி. எலிக்கு ஆபீஸ் கிடையாது, அவசரம் கிடையாது. நான் இன்னிக்குப் படியிலயே இறங்கிக்கறேன்."

பேராசிரியர் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த நாட்களில் புதிதாக எழுதினார். மாநாட்டிலிருந்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது ஆய்வகத்தில் எல்லாரும் ஒரே ஃபோனைச் சுற்றி நின்றார்கள். பின்னணியில் சந்தைபோல இரைச்சல்.

"சீவலக்கா! ரெண்டு பேர் பாதியில எழுந்து போயிட்டாங்க! ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறார். இன்னொரு அம்மா அவங்க ஆய்வகத்துலயும் இதே மஞ்சளைப் பார்த்தாங்களாம். கசிவுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டாங்களாம்! கேக்குதா? தூக்கிப் போட்டுட்டாங்களாம்!"

"மேடம், கோவமா பேசறாங்களா?"

"பயங்கரக் கோவம்! எனக்கு இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு!"

அவர் திரும்பி வந்ததும் அடுத்த வேலை தொடங்கியது. அதே செல் இரண்டு தடவையும் விழிக்கிறது. ஒரு தடவை எலி உறைந்து நிற்கிறது, இன்னொரு தடவை உட்கார்ந்து முகம் கழுவுகிறது. அப்படியானால் செல்லுக்குள்ளே எது மாறியது? புதிதாக ஒரு கூட்டம் எலிகள், அதே பெட்டி, அதே ஐந்து நாள். ஒவ்வொரு செல்லாக நிறம் பார்த்துப் பிரிக்கிற இயந்திரத்தில் மஞ்சள் செல்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் எந்தெந்த மரபணுக்கள் திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்று வாசிக்கக் கொடுத்தான் ஆனாத்தம்பி. பயந்த நாளின் சிவப்புச் செல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னான். இரண்டு மாதம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், சீவலக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம். ஆனாத்தம்பி. கையில் காகிதச் சுருள், ஒரு காலில் செருப்பு இல்லை.

"அக்கா! மேடம் எங்க? வந்துடுச்சு!"

மூன்று பேரும் காகிதத்தை அறுக்கும் மேசையின் மேலேயே விரித்தார்கள். அவன் விரல் தாளில் ஓடியது.

"இங்க பாருங்க. முதல்ல ஓடிப்போய்க் கதவைத் திறக்கிற மரபணு ரெண்டு நாள்லயும் அதேதான். துளி வித்தியாசம் கிடையாது. ஆனா அது எழுப்பிவிடற ஆளுங்க வேற! பயந்த நாள்ல இந்தக் கூட்டம். தெளிஞ்ச நாள்ல இதுல முக்கால்வாசி எழவே இல்ல. பதிலுக்கு இந்தக் கூட்டம் எழுந்திருக்கு. ஏன்னா இங்க, இங்க, இந்த நாலு இடத்துல, நூல்கண்டு மாதிரி இறுக்கிச் சுத்தியிருந்த மரபணு இழை தளர்ந்திருக்கு. முன்னாடி அது உள்ளயே போக முடியாத இடம் அக்கா! இப்போ கதவு திறந்து கிடக்கு!"

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வாயெல்லாம் பல்.

பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளில் மூக்கு படுமளவுக்குக் குனிந்தார். தெளிந்த நாளின் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, மற்றவற்றைவிட எட்டு மடங்கு சுறுசுறுப்பாக, ஒன்று நின்றது. மற்றவற்றுக்குப் பெயர் இருந்தது. அதற்கு வெறும் எண்தான்.

"இது என்ன?"

"தெரியல மேடம். இது என்ன செய்யும்னு இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. தேடிட்டேன். ஒரு வரிகூடக் கிடைக்கல."

"ஒரு வரிகூட இல்லையா?"

"ஒரு வரிகூட இல்ல."

பேராசிரியர் நிமிர்ந்து சீவலக்காவைப் பார்த்தார். சீவலக்கா அவரைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்ட மணிச் சத்தம் கேட்ட பிள்ளைகள்போல இரண்டு பேர் முகமும் மலர்ந்தது.

"எத்தனை எலி வேணும் மேடம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.